மேற்படி

‘அ’ பதிவேட்டில் அந்த ஏரிக்கு
எண் இருந்தது, பரப்பு இருந்தது.
பெயர் என்ற கட்டத்தில் மட்டும்
மை தொட்டு எழுதிய காலத்துக் கர்ணம் யாரோ
‘மேற்படி’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.
அதற்கு மேலே இருந்த வரியைக்
கரையான் தின்றுவிட்டது.

கணினியில் ஏற்றியவர்களுக்குக்
கரையானைப் பற்றி என்ன கவலை?
இருந்ததை இருந்தபடி தட்டினார்கள்.
இப்போது அரசாங்க வரைபடத்தில்
சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் அடிவாரத்தில்
நீல நிறத்தில் கிடக்கிறது
மேற்படி ஏரி.

பெயர்ப் பிழை திருத்தம், நேரில் விசாரித்து.
மாதையன் கம்பத்தைத் தோளில் சாய்த்து முன்னால் நடக்க
நான் ரோவரைத் தூக்கிக்கொண்டு பின்னால்.
வைகாசி. வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கமிருந்து
சுண்ணாம்பு பூசிய மாதிரி ஒரு காற்று.
புடவைத் தலைப்பை முகத்தில் சுற்றிக்கொண்டேன்.

தென்கரையில் பரிசலைக் கவிழ்த்துப்போட்டுத்
தார் பூசிக்கொண்டிருந்த
மீன்குத்தகை ஆண்டியப்பன் சொன்னார்:
வடக்கேரி. வேறென்னம்மா?
எங்க தெருவுக்கு வடக்கதான இருக்கு.

வடகரையில், மலையிலிருந்து இறங்கிப்
பலாப்பழம் விற்றுத் திரும்பும் சடைச்சி
சாக்கை உதறியபடி சிரித்தாள்:
வடக்கா? எங்களுக்கு அது தெக்குத்தண்ணி.
ராத்திரி பாறைமேல நின்னு பாரு,
டவுன் வெளிச்சத்துக்கு நடுவுல
கறுப்பா ஒரு ஓட்டை தெரியும்.
அதுதான்.

கிழக்கே மனை பிரித்தவர்களின் வளைவில்
‘லேக் வியூ நகர்’ என்று பொன்னெழுத்து.
காவலுக்கு இருந்தவர் ஒடிசாக்காரர்.
சீமைக்கருவேலத்தைத் தாண்டி எதுவும் தெரியாத இடத்தில்
நாற்காலி போட்டிருந்தார்.
எந்த லேக் என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

மேற்கே கழிவுநீர் மோட்டார் அறையில்
சுவிட்சைத் தட்டிக்கொண்டே ஒருவர்
பாயிண்ட் மூணு என்றார்.

எல்லாவற்றையும் மாதையன்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
நோட்டு ஜீப்பிலேயே கிடந்தது.
வியர்வையில் மை இளகி
வடக்கும் தெற்கும் ஒரே ரேகையில் ஓடின.

கரையைச் சுற்றி முடிக்க மூன்று மணி நேரம்.
பதிவேட்டில் அறுபத்திரண்டு ஏக்கர்.
ரோவரில் நாற்பத்தேழு.
மறுபடி சுற்றினோம். நாற்பத்தேழு.
மீதி எங்கே என்று கேட்க
என் படிவத்தில் கட்டம் கிடையாது.
அது வேறு படிவம், வேறு பிரிவு,
மாடியில், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே.

கடைசியாகக் கலிங்குமேல் ஏறி உட்கார்ந்து
தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.
கலிங்கு காய்ந்திருந்தது; வெடிப்பில் ஒரு ஓணான்.
முதுகுக்குப் பின்னால் மலை,
ஓடை இறங்கிவந்த தடம் கூழாங்கல்லாக.
முன்னால் தாழ்ந்து தாழ்ந்து போகும் நிலத்தில்
அடுத்த ஏரி, அதற்கடுத்தது,
அப்புறம் பஸ் ஸ்டாண்டு ஆகிவிட்ட ஒன்று,
அப்புறம் திருமணிமுத்தாறு.

மலைத்தண்ணி மொதல்ல கால் வைக்கிறது இங்கதான்,
என்றார் மாதையன், பீடியை அணைத்தபடி.
இது நெறஞ்சாத்தான் கீழ இருக்கறதுக்கு.
படி மாதிரி.

மேல் படி.

சிரிப்பு வந்தது. பாட்டில் மூடி
உருண்டு கோரைக்குள் போய்விட்டது.
அந்தக் கர்ணம் சோம்பலில் எழுதினாரா
தெரிந்தே எழுதினாரா,
இனி கரையானைத்தான் கேட்க வேண்டும்.

அலுவலகம் வந்து படிவத்தை நிரப்பினேன்.
தற்போதைய பெயர்: மேற்படி ஏரி.
திருத்தப்பட வேண்டிய பெயர்: மேற்படி.
காரணம் என்ற இடத்தில்
நெடுநேரம் பேனாவை வைத்திருந்து
நீரோட்ட அமைப்பின்படி சரி, என்று எழுதினேன்.
பரப்பு: நாற்பத்தேழு.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது.
பெயரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
நாற்பத்தேழைச் சிவப்பு மையால் அடித்து
மேலே அழகான கையெழுத்தில்
அறுபத்திரண்டு என்று எழுதியிருந்தார்கள்.